ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்த ரூட்டர்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாமல், "மோட்டார் நின்னுடுச்சிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். மோட்டார் நிற்கவில்லை. உப்புப் பாத்திக்குத் தண்ணி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீ கேட்டதும் சின்னக் கேள்விதான். "அப்பா, புது வீட்டுக்கு ஒரு ரூட்டர் வாங்கணும், விலை கம்மியா எது நல்லா இருக்கும்? நீங்கதான் இப்ப ஊருக்கே ரூட்டர் வெச்சித் தர்றீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். கல்யாணமாகி ஒரு மாசம், தாம்பரம் பக்கம் மாடி வீடு, மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். ரூட்டர் வேண்டும்தான். ஆனால் அந்தக் கேள்வியை நீ என்னிடம் போய்க் கேட்டாயே என்றுதான் மோட்டார் மேல் பழியைப் போட்டேன். கொட்டகை வாசலில் போனைப் பிடித்தபடி நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து, உன் பழைய காலேஜ் நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று வருஷமாக உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். "எனக்கு பேச வராதுப்பா, நேர்ல கேட்டா வாய் ஒட்டிக்கும்" என்று நீ உன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருக்கிறாயே, அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. முடித்ததும் அம்மாவிடம் சொல்லி போட்டோ எடுத்து, நம் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போடப் போகிறேன். நாலு பேர் முன்னால் உன்னைச் சொன்னேன். திரும்ப எடுத்துக்கொள்வதும் அந்த நாலு பேர் முன்னால்தான் இருக்க வேண்டும்.

முதலில் நீ கேட்டதற்கு பதில். கடைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் வீட்டுக்கு லைன் கொடுக்கிறவர்களைக் கேள். அவர்கள் சுவரில் மாட்டுகிற பெட்டியிலேயே பல இடங்களில் வைஃபை சேர்ந்து வருகிறது. ரெண்டு ரூம், ஒரு ஹால் என்று சொன்னாய். அந்த வீட்டுக்கு அதுவே போதுமாக இருக்கலாம், தனியாக வாங்கவே வேண்டாம். ஒரு வாரம் ஓட்டிப் பார், படுக்கிற ரூமில் இழுத்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம். வாங்குவதாக இருந்தால் ரெண்டு பேண்ட், அதாவது ரெண்டு அலைவரிசை, இருக்கிறதாகப் பார். ஒன்று தூரமாகப் போகும், ஆனால் மெதுவாக வரும். இன்னொன்று வேகமாக வரும், ஆனால் சுவர் குறுக்கே வந்தால் துவண்டுவிடும். ரெண்டும் இருந்தால் மாப்பிள்ளை மேஜைக்கு ஒன்று, சமையல் ரூமுக்கு ஒன்று என்று அதுவே பார்த்துக்கொள்ளும். மேலே நீட்டிக்கொண்டிருக்கிற ஆன்டெனா, அந்தக் கொம்பு எத்தனை என்று எண்ணாதே. உன் அப்பன் எண்ணினான்.

உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் நீ டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாய். தமிழ் பேசுகிற வாடிக்கையாளர்களுக்கு போனில் பதில் சொல்கிற வேலை, நல்ல கம்பெனி, முதல் ரவுண்டில் நீ தேறிவிட்டாய். ரெண்டாவது ரவுண்டு வீடியோவில் என்று மெயில் வந்தது. நம் தெருவில் செல்போனுக்கு சிக்னல் ஒரு கோடு காட்டுவதே பெரிய விஷயம். கேபிள் லைனில்தான் பேச வேண்டும். நம்மிடம் இருந்த பழைய ரூட்டரை உப்புக் காற்று தின்றுவிட்டிருந்தது. சார்ஜர் முள் பச்சை பிடித்து, தொட்டாலே உதிர்ந்தது. அப்போது நீ டியூஷன் எடுத்துச் சேர்த்ததை என் கையில் கொடுத்து, "விலை கம்மியா இருந்தாலும் பரவால்லப்பா, ரெண்டு பேண்ட் இருக்கா பாருங்க" என்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தாய். திண்டிவனம் கடையில் அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஊரில் கரண்டு வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் சீட்டைப் பார்த்து வாங்குவதா என்ற வீம்பு. கடைக்காரர் மூன்று எடுத்து வைத்தார். ஒன்றுக்கு நாலு கொம்பு இருந்தது. அதுவே விலையும் குறைவு. நாலு கொம்பு இருக்கிறது, விலையும் குறைவு, இதை விட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பவன் முட்டாள் என்று நினைத்து வாங்கி வந்துவிட்டேன். அதில் ஒரு பேண்ட்தான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அந்த ரூட்டர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. விலை குறைந்தது என்பதற்காக அதைத் திட்டக்கூடாது. நான் அதைச் சும்மா அலமாரி மேல் வைத்திருந்தால் அது உன்னைக் கரை சேர்த்திருக்கும்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் காலையில் கேபிள் லைன் பார்க்கிற ஏழுமலை வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். நன்றாக ஓடியது. நீ லேப்டாப் இரவல் வாங்க சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாய். எனக்கு ஒரே கவலை, மறுநாள் காலைக்குள் இதையும் காற்று தின்றுவிட்டால்? ஒரே ராத்திரியில் எந்தக் காற்றும் எதையும் தின்னாது என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு உன்மேல் இருந்த ஆசையில் எனக்கு புத்தி வேலை செய்யவில்லை. முப்பது வருஷமாக உப்பளத்தில் மோட்டார் போடுகிறவன் எதைச் செய்வான்? மோட்டாரைக் கிளப்புகிற ஸ்டார்ட்டரை எப்படிக் காப்பாற்றுகிறோம்? கனத்த இரும்புப் பெட்டிக்குள் வைத்து, கதவு போட்டு, ஓரத்துக்கெல்லாம் ரப்பர் ஒட்டி, பூட்டிவிடுகிறோம். இந்தக் கடற்கரையில் ஸ்டார்ட்டர் பத்து வருஷம் உழைத்தால் அது அந்தப் பெட்டியின் தயவு. கொட்டகையில் ஒரு பழைய பெட்டி சும்மா கிடந்தது. துரு சுரண்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து, ஒயர் போக ஓட்டை போட்டு, ஹாலில் கதவுக்கு மேலே அடித்து, ரூட்டரை உள்ளே வைத்துப் பூட்டினேன். பூட்டுக்குக் குங்குமம் வேறு வைத்தேன்.

உன் அம்மா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏங்க, இது காத்துலதானே வருதுன்னு ஏழுமலை சொன்னாரு. இரும்புக்குள்ள வெச்சிப் பூட்டுனா எப்படிங்க வெளிய வரும்?" என்றாள். ஐந்தாவது வரை படித்தவள் கேட்ட கேள்வி அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கரண்டு வேலை உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? போயி சோத்தப் பாரு." அவள் போய்விட்டாள். அவளிடமும் நேற்றுதான் மன்னிப்புக் கேட்டேன். "அத்தினி வருசத்துக்கு முன்ன சொன்னதுக்கு இப்ப எதுக்கு?" என்றாள். ஆனால் முகம் திரும்பித்தான் இருந்தது.

சாயங்காலம் நீ வந்தாய். பெட்டியைப் பார்த்துச் சிரித்தாய், "என்னப்பா, பேங்க் லாக்கர் மாதிரி இருக்குது" என்றாய். உள் ரூமில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்ததும், "அப்பா, ஒரு கோடுதாம்பா காட்டுது, உள்ள லைட் எரியுதா பாருங்களேன்" என்று குரல் கொடுத்தாய். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பூட்டைத் திறந்து கதவை விரித்துப் பார்த்தேன். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. அந்த நிமிஷம் நீ உள்ளேயிருந்து, "வந்துடுச்சிப்பா, வந்துடுச்சி! ஃபுல்லா காட்டுது!" என்று கத்தினாய். நான் என்ன நினைத்தேன்? என் கை பட்டதும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷமாகக் கதவைச் சாத்தி மறுபடியும் பூட்டினேன். நீயும் லேப்டாப்பை மூடிவிட்டு தலைக்கு எண்ணெய் வைக்கப் போய்விட்டாய். கதவு திறந்தபோது வந்தது, மூடியபோது போனது. மோட்டார் விஷயத்தில் இப்படி ஒரு அடையாளம் கிடைத்திருந்தால் நான் விடுவேனா? இதை நினைக்கும்போதெல்லாம் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆகவே, ரூட்டரை எங்கே வைக்கிறாய் என்பது எதை வாங்குகிறாய் என்பதைவிடப் பெரிய விஷயம். வீட்டுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வை. பீரோ மேல் வேண்டாம், ஃபிரிட்ஜ் பக்கத்தில் வேண்டாம், பெரிய கண்ணாடிக்குப் பின்னால் வேண்டாம். அழகாக இல்லை என்று மாப்பிள்ளை டிவி கப்போர்டுக்குள் வைக்கச் சொன்னால் என் கதையைச் சொல். நம் வீட்டில் இப்போது உன் அம்மாவின் காய்கறிக் கூடை, அந்த ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் கூடை இருக்கிறதே, அதைக் கவிழ்த்து உள்ளே வைத்திருக்கிறேன். தூசியும் படாது, அலையும் தடுக்காது. வாரம் ஒரு தடவை காய்ந்த துணியால் துடைக்கிறேன். மூன்றாவது வருஷம் ஓடுகிறது.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரிந்த வரைக்கும் இதுதான். நீ உள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாய். அரை மணி நேரத்தில் அழுது முகம் சிவந்து வெளியே வந்தாய். "படம் நின்னு நின்னு போச்சிப்பா. குரல் கேக்கல, குரல் கேக்கலன்னே சொன்னாங்க. அப்புறம் கட் பண்ணிட்டாங்க" என்றாய். அந்த நேரம் பார்த்து உன் தாய்மாமா, நல்ல சேதி இருக்கும் என்று அத்தையையும் கூட்டிக்கொண்டு, ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றார். பக்கத்து வீட்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். மாமா, "ஏன் மச்சான், நெட்டு சரியில்லையா?" என்று கேட்டார். எல்லார் கண்ணும் கதவுக்கு மேலே இருந்த பச்சைப் பெட்டிக்குப் போனது. அந்தப் பெட்டியைக் குறை சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நெட்டெல்லாம் ஜோரா இருக்குது. நேத்துக்கூட ஃபுல்லா காட்டுச்சி. இது எங்க பேசிச்சி? மென்னு முழுங்கிச்சி. கேட்ட கேள்விக்குத் திக்கித் திக்கிப் பேசினா எவன் வேலை குடுப்பான்? தன்மேல தப்ப வெச்சிக்கினு நெட்டு மேல பழி போடுது" என்று கத்தினேன். நீ அத்தை கொடுத்த ஸ்வீட்டை வாங்கி அப்படியே தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாய்.

உனக்குத் தெரியாதது மூன்றாம் நாள் நடந்தது. அம்மாவும் நீயும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். ஏழுமலை வேறு வேலையாகத் தெருவுக்கு வந்தவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியைக் காட்டி, "ரூட்டர் எங்கண்ணே?" என்றான். திறந்து காட்டினேன். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அண்ணே, வைஃபைய புடிச்சி ஜெயில்ல போட்டு வெச்சிருக்கீங்களே! இரும்பு சுத்தி இருந்தா அலை எப்படிண்ணே வெளிய வரும்? ஏதோ ஒயர் ஓட்டை இருந்ததால கொஞ்சம் கசிஞ்சிருக்கும்" என்றான். தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியின் கதவைத் திறந்து காட்டினான், மூடிக் காட்டினான். திறந்தால் கோடு ஏறியது, மூடினால் இறங்கியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னாண்ணே?" என்றான். "ஏழுமலை, பாப்பாகிட்ட சொல்லிடாத" என்றேன். ஒரு மகளைப் பெற்றவன் இன்னொரு மனிதனிடம் கேட்கக்கூடாத உதவி அது. அவன் தலையை ஆட்டினான். இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நீங்கள் திரும்பி வருவதற்குள் ரூட்டரை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். பெட்டியைக் கழற்றி உப்பளத்துக்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். எங்கே என்று கேட்டதற்கு, மோட்டாருக்கு வேண்டியிருந்தது என்றேன். சாயங்காலம் நீ உள்ளேயிருந்து, "இன்னைக்கி நெட்டு சூப்பரா வருதுப்பா" என்றாய். "லைன்ல ஏதோ கோளாறாம், சரி பண்ணிட்டாங்களாம்" என்றேன். பிறகு நீ, "அன்னைக்கி வந்திருந்தாலும் நான் ஒழுங்கா பேசியிருக்க மாட்டேன், இல்லப்பா?" என்று கேட்டாய். என்னிடம் கேட்டாய். ஒரு வார்த்தை போதும். 'இல்லம்மா, தப்பு என்னோடது' என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நான் மோட்டார் நிறுத்தப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மோட்டார் எனக்கு எத்தனை தடவை உதவியிருக்கிறது பார்.

இரும்புப் பெட்டி வைத்ததற்காக நான் வெட்கப்படவில்லை. தெரியாமல் செய்தது. நாலு பேர் முன்னால் கத்தியதற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் அதையும் கோபத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். தெரிந்த பிறகும், நீ உன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேனே, அதற்குத் தப்பிக்க வழியில்லை. அதற்கப்புறம் ரெண்டு கம்பெனியிலிருந்து உனக்கு மெயில் வந்தது. ரெண்டுக்கும் நீ போகவில்லை. "பேசற வேலை எனக்கு ஒத்து வராதுப்பா" என்று திண்டிவனம் ஜவுளிக்கடையில் பின்பக்க கோடவுனில் ஸ்டாக் எழுதுகிற வேலைக்குப் போனாய். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா எல்லாரிடமும், "பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குது, அவ்வளவு அமைதி" என்று பெருமையாகச் சொன்னார்கள். நான் கேட்காதது போலத் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயசில் உன் வாயை மூட முடியாமல் உன் அம்மா ஓடுவாள் என்று அந்த அம்மாவிடம் யார் சொல்வது?

அந்தப் பெட்டியைக் கழற்றிய அன்றிலிருந்துதான் இந்த ரூட்டர் பைத்தியம் எனக்குப் பிடித்தது. ஏழுமலையைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன், போனில் பார்த்தும் கற்றுக்கொண்டேன். ஊரில் யார் வீட்டில் படம் நின்றாலும் ஓடிப் போய்ப் பார்க்கிறேன். "பெட்டிக்குள்ள வைக்காதீங்க, பீரோவுல வைக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பெயரும் கிடைத்துவிட்டது. எவனோ ஒருத்தன் அப்படி வைத்துக் கெட்டான் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த எவன் யார் என்று இனி ஊருக்குத் தெரியும்.

இன்னும் ரெண்டு விஷயம், மறந்துவிடுவேன். மாப்பிள்ளை போடுகிற பிளான் நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு மேலே வேகம் என்றால், ரூட்டரின் பின்பக்கம் லைன் ஒயர் சொருகுகிற ஓட்டை நூறோடு நின்றுவிடாத வகையா என்று கேட்டு வாங்கு. கிகாபிட் என்று போட்டிருக்கும். நூறுக்குள்தான் என்றால் அதற்குக் காசு கொடுக்காதே. மிச்சத்தில் ரூட்டருக்கு என்றே ஒரு சின்ன பேட்டரி பெட்டி விற்கிறது, அதை வாங்கு. கரண்டு போனாலும் பேச்சு நடுவில் நிற்காது. மாட்டின அன்றே பாஸ்வேர்டை மாற்று, உன் பெயரையும் ஒன்று ரெண்டு மூன்றையும் போடாதே. கடைக்குப் போகும்போது சீட்டில் எழுதிக்கொண்டு போ. சீட்டைப் பார்த்து வாங்குவதில் ஒரு கேவலமும் இல்லை.

வாங்கி மாட்டியதும், பேசுகிற வேலைக்கே மறுபடி எழுதிப் போடு. நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். என்னை மன்னிப்பதை நீ மெதுவாகப் பார்த்துக்கொள், அவசரமில்லை. மன்னிக்காவிட்டாலும் நியாயம்தான். நீ அன்றைக்கு எப்படிப் பேசினாய் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி நான்தான். உன் ரூமுக்கு வெளியே ஜன்னல் ஓரமாகப் பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனிக்காரர்களுக்குத்தான் கேட்கவில்லை, எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. நீ திக்கவில்லை. கோபமாகப் பேசுகிற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பாய் என்று இன்டர்வியூ எடுத்த மேடம் கேட்டார். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, நீ அதே பதிலை மூன்று தடவை சொன்னாய். அதனால் எனக்கு மனப்பாடம்.

"எங்கப்பா உப்பளத்துல மோட்டார் போடறவருங்க மேடம். மோட்டார் நின்னுட்டா பாத்திக்குத் தண்ணி போகாது. எல்லாரும் அவர்மேலதான் வந்து கத்துவாங்க. அவரு யார்மேலயும் திருப்பிக் கத்த மாட்டாரு. 'இருங்க, எங்க நின்னுச்சின்னு பார்க்கறேன்'னு சொல்லிட்டு ஒவ்வொண்ணா தொட்டுப் பார்ப்பாரு. நானும் அப்படித்தாங்க மேடம் இருப்பேன்."

இதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து உள்ளே வந்தேன் பாப்பா. நீ அழுதுகொண்டு வந்து நின்றாய். எங்கே நின்றது என்று நான் பார்க்கவில்லை. கத்தினேன்.

அப்பா